அடம் பிடிக்கும் குழந்தையும் பெற்றோரின் கடமையும்

சந்தையிலோ, பேருந்து நிலையத்திலோ, திருமண வீட்டிலோ இரண்டு வயதுக் குழந்தை ஒன்று திடீரெனத் தரையில் விழுந்து புரண்டு, கைகால்களை உதைத்து, முகம் சிவக்க அலறும் காட்சியைக் காணாதவர் எவரும் இலர். சுற்றி நிற்போர் பலவாறு கூறுவர். “அடியாத மாடு படியாது” என்பார் ஒருவர். “பாவம், கேட்டதைக் கொடுத்துவிட்டால் என்ன?” என்பார் மற்றொருவர். தாயோ இவ்விரு கட்சியினருக்கும் நடுவே நாணமும் சினமும் மேலிட, சில வேளை அடித்தும், சில வேளை கொடுத்தும் அப்பொழுதைக்கு அமைதியைத் தேடிக்கொள்கிறாள்.

இஃது எல்லாக் குடும்பங்களிலும் நிகழும் சிறு செய்திதானே, இதில் விஞ்ஞானத்திற்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஆயினும், இச் சிறு நிகழ்ச்சியின்போது பெரியவர்கள் செய்வதைக் கொண்டே, தன் சினத்தைத் தானே ஆளும் வகையைக் குழந்தை கற்கிறது. அல்லது சினத்தால் பிறரை ஆளும் வகையைக் கற்கிறது. மேலும், பொறுமை இழந்த பெரியவர் ஒருவரின் கையால் குழந்தைக்கு நிலையான தீங்கு நேர்வதும் பெரும்பாலும் இத்தகைய வேளைகளிலேயே. தாய்மார் இது குறித்து முதலில் ஆலோசனை கேட்பது அங்கன்வாடி ஊழியரையும், சுகாதார ஊழியரையும், தொடக்கப் பள்ளி ஆசிரியரையுமே ஆதலின், இப் பொருள் பற்றித் திட்டமாக அறியப்பட்டவற்றை ஈண்டுத் தொகுத்துக் கூறுவோம்.

அடத்தின் இயல்பு

இவ்வகைச் சினவெடிப்பு நோயன்று. தீய குணமும் அன்று. வளர்ச்சியில் ஒரு பருவம் என்றே அதனைக் கொள்ளல் வேண்டும். அமெரிக்காவில் போட்டிகல், டேவிட்சன் என்னும் இரு ஆராய்ச்சியாளர் பெற்றோரிடம் செய்தி திரட்டி 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகளின்படி, ஒன்றரை வயது முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளில் 100க்கு 87 பேரும், இரண்டரை முதல் மூன்று வயதினரில் 91 பேரும் அடம் பிடிப்பவராயிருந்தனர். மூன்றரை முதல் நான்கு வயதினரில் இத் தொகை 59 ஆகக் குறைந்தது. ஆகவே, இரண்டரை வயதுக் குழந்தை அடம் பிடிப்பது வியப்பன்று, பிடிக்காமலிருப்பதே அருமை.

அவர்கள் கண்ட மற்றொரு செய்தியும் நமக்குப் பயன்படுவது. அடம் நெடுநேரம் நீடிப்பதாகத் தாய்க்குத் தோன்றினும், அவற்றுள் நான்கில் மூன்று பங்கு 5 நிமிடத்திற்குள் முடிந்துவிடுகின்றன. அந்நேரத்தில் இரண்டு உணர்ச்சிகள் தொழிற்படுகின்றன. ஒன்று சினம்: கூச்சல், உதை, எறிதல் ஆகியவை இதன் வெளிப்பாடுகள். இது தொடக்கத்திலேயே உச்சத்தை அடைந்து பின்னர்த் தணிகிறது. மற்றொன்று துயரம்: விம்மலும் ஆறுதல் தேடலும் இதன் அறிகுறிகள். இது தொடக்கம் முதல் இறுதிவரை பரவி நிற்கிறது. சினம் தணிந்தபின் எஞ்சுவது துயரமே. சற்றுமுன் தாயை உதைத்த குழந்தையே சிறிது நேரத்தில் அவள் மடியை நாடி வருவதன் காரணம் இதுவேயாகும். சினம் உச்சத்திலிருக்கும்போது கூறும் அறிவுரை குழந்தையின் உள்ளத்தில் ஏறுவதில்லை என்பதையும், அது மடியை நாடி வரும் நேரமே ஆறுதலுக்குரிய நேரம் என்பதையும் இதிலிருந்து அறியலாம்.

இப் பருவத்தில் ஏன் இவ்வாறு நிகழ்கிறது? நடக்கக் கற்ற குழந்தைக்கு உலகம் விரிந்துவிடுகிறது, விருப்பங்கள் பெருகுகின்றன. ஆனால், அவற்றைச் சொல்லி விளக்கப் போதிய பேச்சு இன்னும் அமையவில்லை. எழும் உந்துதலை அடக்கி ஆளும் மூளையின் முன்பகுதியோ மிக மெல்லவே முதிர்வது. அதன் முதிர்ச்சி நிறைவுற இருபது வயதிற்கு மேலும் சில ஆண்டுகள் ஆகின்றன. வேகம் மிகுந்த வண்டிக்குத் தடுப்புக்கட்டை இன்னும் பொருத்தப்படாத நிலை என இதனைக் கூறலாம். பேச்சுக்கும் அடத்துக்கும் உள்ள தொடர்பை 2019ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் அமெரிக்க ஆராய்ச்சியும் காட்டிற்று. 2,000க்கும் மேற்பட்ட தாய்மாரை வினவியதில், பேச்சு தாமதமான குழந்தைகளிடம் அடம் மிகுதியாகவும் கடுமையாகவும் காணப்பட்டது.

தாய்மார் எழுதிய குறிப்புகள்

இத் துறையில் முதன்முதலாக விரிவான ஆராய்ச்சி நடத்தியவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபுளோரன்ஸ் குடினஃப் என்னும் அம்மையார் ஆவார். அவர் ஆய்வுக்கூடக் கருவிகளை நாடவில்லை. 45 குழந்தைகளின் தாய்மாருக்குப் பயிற்சி அளித்து, குழந்தை சினங்கொள்ளும் ஒவ்வொரு முறையும் நேரம், காரணம், குழந்தை செய்தது, தாம் செய்தது ஆகியவற்றைத் தாளில் குறிக்கச் செய்தார். இவ்வாறு சேர்ந்த 1,878 நிகழ்ச்சிகளை ஆராய்ந்து 1931ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

அக் குறிப்புகளிலிருந்து தெளிவானவை பல. சினவெடிப்புகள் இரண்டாம் ஆண்டில் உச்சத்தை அடைந்து, பின்னர்க் குறைந்தன. உணவு வேளைக்குச் சற்று முன்னர் அவை மிகுந்தன; அதாவது பசியும் களைப்பும் அடத்தின் தோழர்கள். சளி போன்ற சிறு நோய்கள் உள்ள நாட்களிலும் அவை மிகுந்தன. வீட்டில் விருந்தினர் வந்திருந்த நாட்களிலும் அவ்வாறே. மிக இளங்குழந்தைகளிடம் குளித்தல், உடுத்தல், மலசலம் கழித்தல், உறங்கச் செல்லுதல் போன்ற அன்றாடப் பழக்கங்களே பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணமாயின. வயது ஏற ஏற, மற்றக் குழந்தைகளோடு ஏற்படும் பூசல்கள் அவ்விடத்தைப் பிடித்தன.

பெற்றோரைப் பற்றியும் அம்மையார் முக்கியமான முடிவொன்றைக் கூறினார். ஒருநாள் கண்டித்ததை மறுநாள் அனுமதிக்கும் வீடுகளில் அடம் மிகுந்தது. அமைதியும் பொறுமையும் உடையவராய், சொன்னதில் நிலைத்து நின்று, குழந்தையின் செயலுக்குரிய காரணத்தை முதலில் ஆராய்ந்த பெற்றோரின் வீடுகளில் அது குறைந்தது. இம் முடிவு பிற்கால ஆராய்ச்சிகளோடும் பொருந்தி நிற்கிறது.

விட்டுக்கொடுத்தலின் விளைவு

ஊரிலுள்ள இரண்டு அடிகுழாய்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று அடித்தவுடன் நாள்தோறும் நீர் தந்து வந்தது, ஒருநாள் வறண்டது. சில முறை அடித்துப் பார்த்து மக்கள் வேறிடம் சென்றுவிடுவர். மற்றொன்று சில நாள் 5 அடியிலும், சில நாள் 30 அடியிலும், சில நாள் 50 அடியிலும் நீர் தருவது. அது உண்மையாகவே வறண்டபோதும் மக்கள் எளிதில் விடார்; இன்னும் பத்து அடி, இன்னும் பத்து அடி என்று அடித்துக்கொண்டே இருப்பர். சில வேளை மட்டும் பயன் தரும் செயலே நெடுங்காலம் நிலைக்கும் என்பது மனோதத்துவ நிபுணர்கள் சோதனைகளால் நிறுவிய உண்மை. மிட்டாய்க்காக அழும் குழந்தைக்கு, ஐந்து முறை மறுத்து ஆறாம் முறை கொடுக்கும் தாய், அறியாமலே இரண்டாம் குழாயின் இயல்பை மேற்கொள்கிறாள். போதிய நேரம் உரத்து அழுதால் கிடைக்கும் என்பதே குழந்தை கற்கும் பாடம்.

1959ஆம் ஆண்டில் கார்ல் வில்லியம்ஸ் என்பவர் வெளியிட்ட ஒரு சிறு அறிக்கை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் கூறப்பட்ட ஆண் குழந்தைக்கு வயது ஏறத்தாழ 21 மாதம். முதல் 18 மாதங்களின் பெரும்பகுதியைக் கடும் நோயில் கழித்த குழந்தை அது. உடல் தேறிய பின்னரும், உறங்கும்வரை பெரியவர் ஒருவர் அறையில் இருத்தல் வேண்டும் என்று அழுதது. அவர் எழுந்தால் அலறும். புத்தகத்தை எடுத்தாலும் அலறும். மருத்துவர் குழந்தை நலமாயிருப்பதை உறுதி செய்த பின்னர், பெற்றோர் அன்போடு படுக்க வைத்துவிட்டு வெளியேறினர். முதல் முறை 45 நிமிடம் அழுகை நீடித்தது. அடுத்தடுத்த முறைகளில் குறைந்து, பத்தாம் முறை குழந்தை சிரித்துக்கொண்டே விடை கொடுத்தது.

கதை இத்துடன் முடியவில்லை. ஏறத்தாழ ஒரு வாரம் சென்றபின், குழந்தையைப் படுக்க வைத்த அத்தை அழுகை கேட்டுத் திரும்பி வந்து உறங்கும்வரை உடனிருந்தார். அந்த ஒரு நாள் இரக்கத்தால் பழைய அழுகை முழு வலிமையோடு திரும்பிற்று. பெற்றோர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறையும் அழுகை ஓய்ந்தது. அதன் பின்னர் ஈராண்டுகளில் படுக்கை வேளை அழுகை தோன்றவில்லை.

இவ்வறிக்கை ஒரே ஒரு குழந்தையைப் பற்றியது. தாயோடு ஒரே பாயில் குழந்தை உறங்கும் நம் நாட்டு வழக்கத்தை விடுக்க வேண்டும் என்று இதைக்கொண்டு யாரும் கூற வேண்டுவதில்லை. கைக்குழந்தையின் அழுகைக்கும், நோயுற்ற குழந்தையின் அழுகைக்கும், அச்சத்தால் எழும் அழுகைக்கும் இம்முறை ஒருபோதும் பொருந்தாது. அவற்றிற்கு உடனே செவிசாய்த்தல் வேண்டும். நாம் கொள்ள வேண்டிய பாடங்கள் இரண்டே. முதலாவது, பழகிய பயன் கிடைக்காதபோது அழுகை முதலில் கூடும். அவ்வேளையில் தளர்ந்தால் முன்னிலும் உரத்த அழுகையையே வளர்த்தவராவோம். இரண்டாவது, வீட்டில் உள்ளோர் அனைவரும் ஒருமனப்படாத வரை ஒருவரின் உறுதி பயன்படாது.

இது நிற்க, பெற்றோரும் குழந்தையால் பழக்கப்படுகின்றனர் என்பதை ஜெரால்டு பேட்டர்சன் என்னும் அறிஞர் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். குழந்தை அலறுகிறது, தாய் விட்டுக்கொடுக்கிறாள், அலறல் நிற்கிறது. குழந்தைக்குப் பொருள் கிடைத்தது. தாய்க்கு அமைதி கிடைத்தது. இருவருக்கும் பயன் கிட்டியதால் இருவரும் அதையே மீண்டும் செய்வர். அடித்து அடக்கும் தந்தையின் நிலையும் இதுவே: அடித்தவுடன் ஓசை நிற்பதால், அடி ‘பலித்தது’ என்று அவர் நம்புகிறார், அடுத்த முறை கை இன்னும் விரைந்து எழுகிறது. இவ்வாறு வீடு மெல்ல மெல்லப் போர்க்களமாகிறது.

அடியும் அச்சுறுத்தலும்

அடித்தல் குறித்து விஞ்ஞானத்தின் தீர்ப்பு இப்பொழுது தெளிவானது. கெர்ஷாஃப், குரோகன்-கெய்லர் ஆகிய இருவர், ஐம்பது ஆண்டுக்கால ஆராய்ச்சிகளைத் தொகுத்து, 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய செய்திகளை 2016ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அடிபட்ட குழந்தைகள் பிற்காலத்தில் மேலும் கீழ்ப்படிவோராய் விளங்கினர் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. மாறாக முரட்டுத்தனமும் மனத்தொல்லைகளும் அடியோடு தொடர்புற்றுக் காணப்பட்டன. ‘அடிக்காதே’ என்று கூறிக்கொண்டே அடிக்கும்போது குழந்தை கற்பது சொல்லை அன்று, செயலை.

இளங்குழந்தையைத் தோளைப் பிடித்து உலுக்குதல் அடியினும் கொடியது. கழுத்துத் தசைகள் உறுதிபெறாத குழந்தையின் மூளை மண்டையோட்டினுள் அலைப்புண்டு குருதி கசியலாம். கண்ணொளி இழத்தலும் உயிரிழத்தலும் நேரலாம். எத்துணைச் சினம் வரினும் குழந்தையை உலுக்குதல் கூடாது என்பதைத் தாய், தந்தை, பாட்டி, மூத்த குழந்தைகள் அனைவரும் அறியுமாறு சொல்லுதல் ஊழியரின் கடமை.

அச்சுறுத்தல் வேறு வகையில் தீங்கு செய்கிறது. “போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போவார்”, “டாக்டர் அம்மா ஊசி போடுவார்” என்பன நாட்டின் எல்லா மொழிகளிலும் வழங்கும் சொற்கள். இச் சொற்களால் அலறல் நிற்கலாம். ஆனால், அடுத்த மாதம் தடுப்பூசி நாளன்று அக் குழந்தையைத் தூக்கி வருவதற்குத் தாய் படும் பாட்டைச் சுகாதார ஊழியர் நேரில் காண்கிறார். வழி தவறிய குழந்தை உதவி நாட வேண்டிய காவலரைக் கண்டே ஓடி ஒளியும். “உன்னை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவேன்” என்பது எல்லாவற்றினும் கொடிய மிரட்டல். துயரத்தில் இருக்கும் குழந்தையின் ஒரே துணையையும் அது பறிக்கிறது.

ஓயச் செய்யும் பொருள்கள்

1920களில் பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில், வேலைக்குச் செல்லும் தாய்மார் அபினி கலந்த ‘பால கோலி’ என்னும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுத்து உறங்கச் செய்யும் வழக்கம் இருந்தது. அவ்வழக்கம் ஒழிந்தது. ஆயினும், மருத்துவரைக் கேளாது உறக்கம் தரும் இருமல் மருந்தைக் கொடுத்துக் குழந்தையை அடக்கும் எண்ணம் சிலரிடம் தோன்றக்கூடும். இஃது ஆபத்தானது என்பதை ஐயத்திற்கிடமின்றிக் கூறுதல் வேண்டும்.

இக்காலத்தில் அவ்விடத்தைப் பெரும்பாலும் பிடித்திருப்பது கைபேசி. அழுத குழந்தை ஓடும் படத்தைக் கண்டதும் ஓய்ந்துவிடுகிறது. ஆனால், சினத்தை ஆற்றும் வழியை அது கற்கவில்லை. படத்தால் மறந்தது அவ்வளவே. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் 422 பேரைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று, அழுகையை அடக்கக் கருவிகளை அடிக்கடி கொடுப்பதற்கும் பின்னர் உணர்ச்சிக் கொந்தளிப்பு மிகுவதற்கும், குறிப்பாக ஆண் குழந்தைகளிடம், தொடர்பு இருப்பதைக் கண்டது. உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டிலும், இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2021ஆம் ஆண்டிலும் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டுவதில்லை. அதற்கு மேல் ஐந்து வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகாமல் இருத்தல் நலம்.

செய்யத் தக்கவை

அடம் எழுவதற்கு முன்னர்ச் செய்யத் தக்கவையே பெரும்பகுதி. உணவும் உறக்கமும் நேரந் தவறாமல் அமைதல் வேண்டும். சந்தைக்குச் செல்லும் முன்னர் குழந்தைக்குச் சிறிது உணவு கொடுத்தலும், கையில் ஒரு வாழைப்பழமோ பொரியோ எடுத்துச் செல்லுதலும் எளிய காரியங்கள். விளையாட்டிலிருந்து திடீரெனப் பிடித்து இழுக்காமல், “இன்னும் இரண்டு முறை ஊஞ்சல் ஆடு, பிறகு வீட்டிற்குப் போகலாம்” என்று முன்கூட்டிச் சொல்லுதல் நன்று. “குளிக்கிறாயா?” என்று கேட்டால் “மாட்டேன்” என்பதே விடை, “சொம்பு நீ பிடிக்கிறாயா, நான் பிடிக்கட்டுமா?” என்று கேட்டால் குழந்தையின் தன்னுரிமை உணர்ச்சிக்கும் இடமுண்டு, குளியலும் நடைபெறும். விளக்கு, அரிவாள், மருந்துப் புட்டி முதலியவற்றைக் கைக்கெட்டாத இடத்தில் வைத்துவிட்டால் நாளொன்றுக்குப் பலமுறை ‘தொடாதே’ எனக் கூறும் தேவை குறையும். எல்லாவற்றிற்கும் மேலாக, குழந்தை அமைதியாக விளையாடும் நேரத்தில் அதனோடு பேசுதல் வேண்டும். அழுதால் மட்டுமே திரும்பிப் பார்க்கும் வீட்டில் அழுகையே குழந்தையின் மொழியாகிவிடும்.

அடம் எழுந்தபின் செய்ய வேண்டியவை சில. முதலாவதாக, அடுப்பு, கிணறு, சாலை ஆகியவற்றிலிருந்து குழந்தையை அப்புறப்படுத்துக. இரண்டாவதாக, பெரியவர் தம் குரலைத் தாழ்த்துதல் வேண்டும். நீண்ட அறிவுரை வேண்டா. “உனக்குக் கோபம் வந்திருக்கிறது. நான் இங்கேயே இருக்கிறேன்” என்பது போன்ற ஒரு வாக்கியம் போதும். மூன்றாவதாக, அழுகைக்குக் காரணமான பொருளைக் கொடுத்தல் கூடாது, அடித்தலும் கூடாது. கண் பார்வையில் அமர்ந்து, தம் வேலையைச் செய்துகொண்டு காத்திருக்கலாம். பிறரை அடித்தாலோ, தன் தலையை மோதிக்கொண்டாலோ, கையை மென்மையாகப் பற்றித் தடுத்தல் வேண்டும். நான்காவதாக, தாய்க்கே பொறுமை எல்லை கடக்குமாயின், குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் விட்டு, நம்பத்தக்க ஒருவரை அருகில் இருக்கச் செய்து, சில நிமிடம் விலகி நிற்பது தவறன்று, அறிவுடைமையாகும்.

ஓய்ந்தபின் முகம் கழுவி, நீர் கொடுத்து, அணைத்துக்கொள்ளலாம். அணைத்தல் விட்டுக்கொடுத்தல் ஆகாது; கேட்ட பொருளைக் கொடுத்தலே விட்டுக்கொடுத்தல். பின்னர் நிகழ்ந்ததற்குச் சொல் கொடுக்க வேண்டும்: “பந்து வேண்டும் என்று அழுதாய், அண்ணன் முறை முடிந்ததும் உனக்குத் தருவான்.” கோபம், பசி, தூக்கம், வலி, பயம் என்னும் சொற்களைக் கற்ற குழந்தைக்கு உதைக்கும் தேவை நாளடைவில் குறையும். பழைய குற்றத்தை இரவில் தந்தையிடம் கூறி மறுவிசாரணை நடத்துதல் வேண்டா.

மறுத்தலுக்கும் ஒரு நெறி உண்டு. கொடுக்கத் தக்கதாயின் அழுகை எழும் முன்னரே கொடுத்துவிடுக. தகாததாயின் அழுதபின்னும் கொடாதீர். ஒன்றுமில்லாததற்கெல்லாம் மறுப்புச் சொல்லிப் பின்னர்த் தளர்வதைவிட, சிலவற்றிற்கு மட்டும் மறுத்து அதில் நிலைத்து நிற்றல் மேல்.

கூட்டுக் குடும்பத்தில்

மேற்கூறிய அனைத்தும் தாயின் கையில் மட்டும் இருப்பன அல்ல. நம் நாட்டின் பல வீடுகளில் பாட்டி, தாத்தா, அத்தை, சித்தப்பா எனப் பலர் குழந்தையை வளர்க்கின்றனர். இது பெரும் பேறு. தாய் களைத்தபோது தாங்கிக்கொள்ள இன்னொரு மடி உண்டு. ஆனால், தாய் மறுத்ததைப் பாட்டி மறைவாகக் கொடுப்பாராயின், வில்லியம்ஸ் கூறிய அத்தையின் கதையே நிகழும்.

இங்கு ஊழியர் பேசும் முறையே முடிவைத் தீர்மானிக்கிறது. மருமகளைத் தனியே அழைத்து, “உங்கள் மாமியார்தான் கெடுக்கிறார்” என்று கூறுவாராயின், அந்த வீட்டில் அவர் சொல் அன்றோடு எடுபடாது; அப் பெண்ணுக்கும் தொல்லையே மிஞ்சும். அதற்கு மாறாக, மூத்தவரிடமே அமர்ந்து, “அம்மா, நீங்கள் எத்தனை பிள்ளைகளை வளர்த்தவர்! இவன் அழும்போது எல்லாரும் ஒரே பேச்சாக இருந்தால் சீக்கிரம் அடங்குவான். அது உங்கள் சொல்லால்தான் நடக்கும்” என்று தொடங்குவது பயன் தரும். எதற்கு மறுப்பது, யார் சமாதானம் செய்வது என்னும் இரண்டை மட்டும் குடும்பத்தினர் கூடி முடிவு செய்துகொண்டால் போதும். தந்தையும் அவ்வுரையாடலில் இருத்தல் வேண்டும்.

அங்கன்வாடியிலும் பள்ளியிலும்

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் வழியாக அங்கன்வாடிகள் ஏற்பட்டன. 2023ஆம் ஆண்டில் தொடங்கிய ‘போஷண் பீ, படாயீ பீ’ இயக்கமும், 2024ஆம் ஆண்டில் வெளியான ‘நவசேதனா’, ‘ஆதார்சிலா’ ஆகிய திட்டவரைவுகளும், ஊட்டத்தோடு குழந்தையின் மன வளர்ச்சியையும் ஊழியரின் பொறுப்பாக வலியுறுத்துகின்றன. ஆகவே அடத்தைக் கையாளுதல் ஊழியரின் பணிக்குப் புறம்பானது அன்று.

மையத்திற்குப் புதிதாக வரும் குழந்தை முதல் சில நாட்கள் அழுவது பிரிவுத் துயரம்; அதனை அடம் எனக் கருதுதல் தவறு. தாய் சிறிது நேரம் உடனிருந்து, பின்னர்ச் சொல்லிக்கொண்டு செல்லுதல் நன்று. மறைந்து ஓடுதல் குழந்தையின் நம்பிக்கையைக் குலைக்கும். விளையாட்டிலிருந்து உணவுக்கும், உணவிலிருந்து உறக்கத்திற்கும் மாறும் நேரங்களில் நாள்தோறும் ஒரே பாட்டைப் பாடினால் மாற்றம் எளிதாகும். ஒரே பொம்மைக்குப் பத்துக் கைகள் நீளுமாயின் பூசல் உறுதி; கட்டைகள், மணல், களிமண், காலி டப்பா போன்ற எளிய பொருள்களை மிகுதியாக வைத்தல் நலம். அழும் குழந்தையைச் சுட்டி மற்றவரைச் சிரிக்கச் செய்தல் கூடாது. பள்ளியைப் பொறுத்தவரை, உடல் தண்டனையையும் மன வேதனை தருதலையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது.

தொல்லை மிகுந்த குழந்தையாயின், குடினஃப் அம்மையாரின் முறையை ஒரு வாரம் கைக்கொண்டு பார்க்கலாம். ஒரு தாளில் ஐந்து கட்டங்கள் இடுக: நேரம், முன்னர் நிகழ்ந்தது, குழந்தை செய்தது, பெரியவர் செய்தது, நீடித்த நிமிடங்கள். எழுதத் தெரியாத தாய் வாயால் கூற, பள்ளி செல்லும் மூத்த குழந்தை எழுதலாம். வார முடிவில் அத் தாளைப் பார்த்தால், அடம் பெரும்பாலும் ஒரே நேரத்திலோ, ஒரே காரணத்தாலோ, ஒரே மனிதர் முன்னிலையிலோ எழுவது புலனாகக் கூடும். அந்த ஒன்றைத் திருத்துவதே முதல் வேலை.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

எல்லா அடமும் இயல்பானதே என்று விட்டுவிடுதலும் பிழை. 2008ஆம் ஆண்டில் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள 279 குழந்தைகளை ஆராய்ந்த பெல்டன் முதலியோர் கவலைக்குரிய அறிகுறிகள் சிலவற்றைக் கூறினர். அடிக்கடி பிறரையோ பொருள்களையோ தாக்குதல், தன்னைத் தானே கடித்தல் அல்லது தலையை மோதிக்கொள்ளுதல், ஒரே நாளில் ஐந்துக்கு மேற்பட்ட முறை எனப் பல நாட்கள் நிகழ்தல், சராசரி 25 நிமிடத்திற்கு மேல் நீடித்தல், பிறர் துணையின்றி ஓய முடியாமை ஆகியவை அவை. இவற்றோடு, பேச்சு தாமதமாதல், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, கற்ற சொற்களை இழத்தல் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் காத்திராது அனுப்புதல் வேண்டும். காது கேளாத குழந்தை ‘சொல் கேளாத பிள்ளை’ என்று அடிபடுவதுபோன்ற கொடுமை வேறில்லை. 2013ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டினால், அவர்கள் மாவட்டத் தொடக்கநிலைத் தலையீட்டு மையத்திற்கு அனுப்பி வைப்பர்.

சில குழந்தைகள் வீறிட்டு அழத் தொடங்கியதும் மூச்சடங்கி, உதடு நீலித்து, சில விநாடிகள் நினைவிழந்து துவண்டுவிடுவதுண்டு. இது பெரும்பாலும் 6 மாதம் முதல் 18 மாதத்திற்குள் தொடங்கி, ஐந்து வயதிற்குள் மறைவது. அவ்வேளையில் குழந்தையைப் பக்கவாட்டில் படுக்க வைத்தல் போதும். உலுக்குதலும், வாயில் எதையேனும் திணித்தலும் கூடா. முதல் முறை நேர்ந்தவுடன் மருத்துவரிடம் காட்டி, இழுப்பு நோய் அன்று என்பதை உறுதி செய்துகொள்ளல் வேண்டும். இரும்புச் சத்துக் குறைவு இதனை மிகுவிக்கிறது. அக் குறை தீர்ந்தால் இதுவும் குறைகிறது.

இங்கு நம் நாட்டின் நிலையை நினைவிற் கொள்ளல் வேண்டும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 6 முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 100க்கு 67 பேர் இரத்தசோகை உடையவர். இரத்தசோகையுள்ள குழந்தை எளிதில் சிணுங்கும், சோர்ந்து எரிச்சலுறும். வாரம் இருமுறை கொடுக்க வேண்டிய 1 மில்லிலிட்டர் இரும்புச் சத்து மருந்து அலமாரியில் உறங்க, ‘இவன் குணமே இப்படி’ என்று குழந்தையைப் பழித்தல் எவ்வகையிலும் முறையன்று.

தாயின் நிலை

இறுதியாக ஒன்று. அமைதியாக இருங்கள் என்று தாயிடம் கூறுவது எளிது. விடியற்காலை முதல் நீர் சுமந்து, வயலில் உழைத்து, இரவில் உறக்கமின்றி இருப்பவளுக்கு அது எளிதன்று. வீட்டில் அவளே அடிபடுபவளாயின், அவளிடம் பொறுமையை எதிர்பார்ப்பதற்கு முன்னர் அவளுக்குத் துணை செய்தல் வேண்டும். மகப்பேற்றுக்குப் பின் நீங்காத சோர்வும் அழுகையும் உடைய தாயை மருத்துவரிடம் அனுப்புக. 2022ஆம் ஆண்டில் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் மனநல உதவிச் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். மூத்த குழந்தையின் அடம் பெருகிவிட்டது என்று அவள் கூறும் குறையின் பின்னே அவளது சொந்தத் துயரம் மறைந்திருத்தல் கூடும். ஆதலின், வீட்டுக்குச் செல்லும் ஊழியர் குழந்தையைப் பற்றிக் கேட்பதோடு, “நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?” என்றும் கேட்டு, விடை வரும்வரை அமர்ந்திருத்தல் நன்று.

நான்கு வயது நிறைவதற்குள் பெரும்பாலான குழந்தைகளின் அடம் தணியத் தொடங்கிவிடும். எவரும் ஒன்றும் செய்யாவிடினும் அவ்வாறே நிகழும். ஆனால், அதற்குள் அக் குழந்தை கேட்ட சொற்களும், பட்ட அடிகளும், பெற்ற ஆறுதலும் தணிந்து மறைவன அல்ல. சினம் வருவது இயல்பு, அது கடந்துபோகும், அதற்காக எவரும் நம்மைக் கைவிடார், அதனால் எதையும் பறித்துக்கொள்ளவும் இயலாது என்னும் நான்கு உண்மைகளை மூன்று வயதிற்குள் கற்ற குழந்தை பள்ளிக்கு வரும்போது ஆசிரியரின் வேலையில் பாதி முடிந்திருக்கும்.